சந்திரகிரி மாளிகைப் படங்களும் கட்டடக் கலைச்சொற்களும்

திருப்பதியை அடுத்த சந்திரகிரி, விசயநகர அரசின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்று. முன்னர் வட ஆர்க்காட்டிலும், 1911 முதல் சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர்க் கோட்டையுள் இராச மகால், இராணி மகால் என இரு மாளிகைகள் உள்ளன. அரசு நீங்கியபின் வெறுமையுற்ற இவற்றுள் முன்னது இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. ‘பாழடைந்த அரண்மனை’ என்று இவற்றின் படங்களுக்குக் குறிப்பு எழுதுவது எளிது. அத்தொடர் இரங்கத் தூண்டுமேயன்றிப் பார்க்கத் தூண்டாது.

மூன்று நிலைகளையுடைய இராச மகாலின் படத்தில் கண்ணை முதலில் ஈர்ப்பன முகப்பில் அமைந்த கூருச்சி வளைவுகளே. இவற்றைத் ‘தோரணம்’ என மொழிபெயர்க்கும் ஆசை இயல்பானது. பழஞ்சொல், செவிக்கும் இனியது. ஆயினும் பொருந்தாது. கோயிற்சுவரில் கோட்டத்தின் மேல் அமையும் தோரணம் ஓர் அணி. அது பாரம் தாங்குவதில்லை. இங்குள்ள வளைவோ மேற்சுவரின் பாரத்தை இருபுறக் கால்களுக்கும் இறக்குகிறது. இம்மாளிகை மரம் கலவாது, கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றாலேயே எழுப்பப்பட்டது. மரவுத்திரமின்றி இடைவெளிகளைக் கடக்க உதவியவற்றுள் இவ்வளைவு தலையாயது. தோரணம் என்றதும் கட்டுமானத்தின் காரணமே மறைந்து, அலங்காரம் மட்டும் எஞ்சுகிறது. ‘வளைவு’ எனின் தெருமுனையும் வளைவே. ‘கூர் வில்வளைவு’ சற்று நீளமாயினும் ஏற்கத்தக்கது.

இவ்வகைப் படங்களில் சிதைவு ஒரு குறையன்று. காரை உதிர்ந்த இடத்திலேதான் செங்கல் வரிசை வில்லாய்த் திரும்பும் முறை தெரியும். பூச்சு முழுமையாக உள்ள சுவர் அதனைக் காட்டாது. சுதை உருவம் பாதி உடைந்திருப்பின் உள்ளீடும் மேற்பூச்சும் வேறுபடுவது புலனாகும். ‘சிதைந்த சுவர்’ எனக் குறிப்பெழுதுவோர் படத்தின் சிறந்த பகுதியையே கைவிடுகின்றனர்.

மேலே நோக்கின் கோயில் விமானத்தை நினைவூட்டும் கோபுர அமைப்புகள் உள்ளன. இவற்றுக்குச் சிகரம், கொடுங்கை, கூடு எனத் தமிழில் வழங்கும் சொற்களே போதும். கீழே சுல்தானியர் மரபு, மேலே கோயில் மரபு என்னும் இவ்விணைப்பை ‘இந்தோ சாரசனிக்’ என்பது காலமுரண். அது 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சிக் கட்டடங்களுக்கு வழங்கிய பெயர். அப்பாணியில் சென்னையில் செனட் இல்லத்தை அமைத்த சிசம் சந்திரகிரி மாளிகையைப் பற்றியும் எழுதியவர் என்பது குழப்பத்தைக் கூட்டக்கூடும். முன்னோடியைப் பின்னோன் பெயரால் அழைத்தல் தகாது.

படக்குறிப்பில் ஆண்டு இடம்பெறுவதும் இன்றியமையாதது. மதுரைத் திருமலை நாயக்கர் மாளிகையை லின்னேயசு டிரைப் 1858இல் படமெடுத்தபோது அது பழுதுற்றுக் கிடந்தது. அதனைப் பின்னர்ச் செப்பனிட்டவரும் சிசமே. அப்படங்களை இன்றைய மாளிகையின் படங்களோடு ஆண்டின்றி அடுக்கினால், எது நாயக்கர் காலச் சுதை, எது செப்பனிட்டோர் கைவேலை என்று படிப்போர் பிரித்தறிய வழியில்லை.