கழுவிக் கேட்டுவிட்டுக் குறை சொல்லுங்கள்

கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான தட்டுகளைத் தேடி அலைந்த காலம் போய், புதிய எல்.பி. ரெக்கார்டுகள் மறுபடி கடைக்கு வருகின்றன. 2024-இல் மும்பைப் பக்கம் ஒரு புதிய ஆலையே இயங்கத் தொடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய தட்டு முதல் நாளே 'டிக் டிக்' என்றால் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கேட்கிற இரைச்சல் எல்லாம் ஆலையின் பழுது அல்ல. கழுவிய பிறகும் போகாமல், ஊசியை மாற்றினாலும் போகாமல், அதே பாட்டில் அதே இடத்தில் வருவதுதான் பழுது. அதற்கு ஒரு தாளமும் உண்டு. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். அடுத்தடுத்த பள்ளங்களைத் தாண்டி நிற்கும் ஒரு புடைப்பு, சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை தட்டும். தூசியும் பூஞ்சையும் இப்படிக் கணக்காகத் தட்டுவதில்லை, தாறுமாறாகப் பொரியும்.

ஏற்காட்டிலும் தலைச்சோலையிலும் இந்த வேறுபாடு கூடுதலாகத் தேவைப்படுகிறது. சேர்வராயன் மலையில் மழைக்காலத்து மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பூஞ்சை வினைலைத் தின்பதில்லை. காகித உறையும், தட்டில் படிந்த தூசியும் கைரேகையும்தான் அதற்குத் தீனி. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளை நூல் கிளைகளாகத் தெரியும். வளைவு விஷயத்திலும் அப்படித்தான். சூடாக இருக்கும்போதே அச்சிலிருந்து எடுத்துக் குவித்தால் தட்டு வளையும். கோடையில் சேலத்தில் வெயிலில் நின்ற பார்சல் வண்டிக்குள்ளும் வளையும், பிறகுதான் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வரும். அட்டை உறையும் தட்டோடு சேர்ந்து வளைந்திருந்தால் முதலில் பயணத்தைச் சந்தேகிக்கலாம். வாங்கியவருக்கு இரண்டும் நஷ்டம்தான், ஆனால் புகாரில் எழுத வேண்டிய வாசகம் வேறு.

உண்மையான ஆலைப் பழுதுகளில் எரிச்சலூட்டுவது பள்ளம் நிரம்பாமை. வினைல் கட்டியைச் சூடாக்கி, நிக்கல் ஸ்டாம்ப்பர்களுக்கு நடுவே நூறு டன் அளவில் அழுத்துகிறார்கள். சூடோ நேரமோ குறைந்தால், குழியின் ஓரம்வரை மாவு எட்டாத பணியாரம் போல, பள்ளத்தின் சுவர் முழுதாக உருவாகாது. துணி கிழிவது மாதிரி 'சர்ர்' என்று, பெரும்பாலும் ஒரு பக்க ஸ்பீக்கரில் கேட்கும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இடம் பொடிப் பொடியாக மினுங்கும். எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது.

அதைவிட நுட்பமானது நடுத்துளை விலகல். தட்டு சுழலும்போது ஊசிக் கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக ஆடினால் துளை மையத்தில் இல்லை என்று அர்த்தம். (மேலும் கீழும் ஆடினால் அது வளைவு.) அரை மில்லிமீட்டர் விலகினாலே, மையத்திலிருந்து 60 மில்லிமீட்டரில் இருக்கும் கடைசிப் பாட்டில் சுருதி மேலும் கீழும் 0.8 சதவீதம் அலையும். அரைச்சுரத்தில் இது ஏழில் ஒரு பங்கு. வெளி ஓரத்தில் அதில் பாதிகூட இருக்காது. அதனால் முதல் பாட்டை மட்டும் கேட்டுத் தட்டுக்கு நற்சான்று கொடுப்பது தவறு. தாளக்கட்டு நிறைந்த சினிமாப் பாட்டில் காது ஏமாந்துவிடும். தம்புராவோ நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையோ வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

புதுத் தட்டை எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்கலாம். உறையிலிருந்து உதிர்ந்த காகிதத் துகளை நிலைமின்சாரம் தட்டோடு ஒட்டி வைத்திருக்கும், அதனால்தான். டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான சோப்புத் திரவம் ஓரிரு சொட்டு, பஞ்சு உதிராத துணி, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசல் போதும். லேபிள் நனையக் கூடாது. மலையில் ஈரம் சீக்கிரம் காயாது. அவசரப்பட்டு உறையில் போட்டால் பூஞ்சையை நாமே வளர்த்தவர்கள் ஆவோம். அடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்து 78 தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவை அரக்கால் ஆனவை, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும்.

'பொரிகிற சத்தம்தானே வினைலின் அழகு' என்பது இன்னொரு வாதம். அது விற்பவருக்கு வசதியான ரசனை. ஒழுங்காக அச்சான சுத்தமான தட்டு, பாட்டுக்கு நடுவே கிட்டத்தட்ட மௌனமாகவே இருக்கும். '180 கிராம்' என்ற ஸ்டிக்கரும் உத்தரவாதம் அல்ல. கனமான தட்டும் அவசரமாக அழுத்தினால் கெடும். எல்லாவற்றையும் ஆலை தலையில் கட்டவும் முடியாது. வெளி ஓரத்தில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம் உள்ளே 21 ஆகக் குறைகிறது. அங்கே 'ஸ' ஒலி சீறினால் முதலில் கார்ட்ரிட்ஜ் பொருத்தத்தைச் சரிபாருங்கள். பாட்டு தொடங்குமுன்பே அதன் சாயல் மெல்லக் கேட்டால் அது பெரும்பாலும் மூலத்தட்டு வெட்டியபோதே வந்தது. மாற்றுப் பிரதியிலும் இருக்கும். மாற்றி வாங்கிய தட்டிலும் அதே விநாடியில் அதே 'டிக்' வந்தால் ஸ்டாம்ப்பரிலேயே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது பிரதி கேட்காமல் பணத்தைத் திருப்பிக் கேட்பதே புத்திசாலித்தனம்.

'பிரித்த தட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று கடைக்காரர் சொல்லலாம். ஆன்லைனில் வாங்கியதற்கு இது செல்லாது: 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. கழுவிய பிறகும் அந்தச் சத்தம் வருவதையும் ஊசிக் கை ஆடுவதையும் போனில் வீடியோ எடுத்து, எந்தப் பக்கம், எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏற்காட்டுக்காரர் மும்பை போக வேண்டியதில்லை, சேலம் போதும்.