பரிந்து பேசுவோரும் பதிவேடும்

அரசினிடம் பரிந்து பேசுதல் குற்றமன்று. யாருக்காகப் பேசுகின்றோம் என்பதை மறைத்தலே குற்றம்.

1854இல் தோன்றிய இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் ஊவாவுக்குப் புகையிரதம் வேண்டுமெனத் தன் பெயராலேயே அரசை வற்புறுத்தியது. பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. கொழுந்து பறித்தோர்க்கோ அத்தகைய வலிமை வாய்த்திலது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. வெளிப்படையான செல்வாக்கே இத்துணை வலிதாயின், மறைவானது எத்தகையதாகும்?

மன்றில் வாதிடும் சட்டத்தரணி தம் கட்சிக்காரர் இன்னாரென அறிவிக்கின்றார். அமைச்சரின் அறையிற் பேசுங்காலும் அவர் அறிவித்தல் வேண்டாவோ? அமெரிக்கா 1946இலும் 1995இலும் இதற்கெனச் சட்டமியற்றியது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டம் முதற்படி. பரிந்து பேசுவோரின் பதிவேடு அடுத்த படியாதல் வேண்டும். அஃதின்றேல் லயத்தின் குரல் என்றும் பிந்தியே கேட்கும்.