கறுப்புக்குக் கீழே ஒரு கீற்று வெள்ளை

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மி.மீ.; அதன் நடுவில் பத்துப் புள்ளி வளையம் 11.5 மி.மீ. பத்து வேண்டுமென்றால் பத்தைக் குறிபார்க்க வேண்டும் என்றுதான் பார்வையாளர் நினைப்பார். சுடுபவர்களில் பெரும்பாலோர் கறுப்புக்குள்ளேயே குறி வைப்பதில்லை.

பழைய மரபு 'சிக்ஸ் ஓ கிளாக்'. குழல் முனையில் நிற்கும் கறுப்பு முன் சைட்டின் தட்டை விளிம்பில் கறுப்பு வட்டம் உட்கார்ந்திருக்கும். குண்டு நடுவுக்கு ஏறும்படி பின் சைட்டைத் திருகி வைத்திருப்பார்கள். படத்தில் அழகான ஏற்பாடு. கையில் எடுத்தால்தான் தொல்லை. கறுப்பும் கறுப்பும் தொடும் இடத்தை இன்னும் துல்லியமாக்கப் பார்க்கிறது மனம். கண் முன் சைட்டை விட்டு இலக்குக்குத் தாவிவிடுகிறது. இதற்கு மாற்றாக வந்ததே 'சப் சிக்ஸ்': இன்னும் கீழிறங்கி, சைட்டுக்கும் வட்டத்துக்கும் இடையே ஒரு கீற்று வெள்ளையை விட்டுச் சுடுவது. அந்தக் கீற்று சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கவலை வேண்டாம்.

அதெப்படி? கணக்குப் போட்டால் விளங்கும். இரண்டு சைட்டுக்கும் இடையே 320 மி.மீ. என்று வைப்போம். இரண்டும் சேர்ந்திருக்க, கை மட்டும் 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் பெல்லட்டும் அவ்வளவுதான் விலகும், பத்து கெடாது. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் 1 மி.மீ. ஒதுங்கினாலோ விலகல் 31 மி.மீ. கறுப்பின் ஆரமே அவ்வளவு இல்லை! ஆகவே நான் சப் சிக்ஸ் கட்சி. எங்கே குறி வைப்பது என்று மணிக்கணக்கில் வாதிடுபவர்கள், பள்ளத்தின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கோடுகள் சமமா என்று பார்ப்பதில் அந்த நேரத்தைச் செலவிடலாம்.

25 மீட்டர் ரேபிட் ஃபயரில் இந்த வாதம் செல்லாது. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற போட்டி அது. கறுப்பு 500 மி.மீ.; ஐந்து இலக்குகளுக்கு ஐந்து குண்டு, கடைசித் தொடரில் 4 விநாடி. வட்டத்தின் அடியைத் தேட நேரம் ஏது? நடுவிலேயே குறி வைக்கிறார்கள். இருபுறமும் உள்ள வெள்ளைக் கோடுகள் உயரம் காட்டும்.

சிவப்புப் புள்ளி சைட்டை அமெரிக்க புல்ஸ்ஐ போட்டிகள் ஏற்கின்றன. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகள் ஏற்பதில்லை. இந்தப் புள்ளி சைட்டில் ஒன்றோடொன்று சேர்க்க இரண்டு சைட் இல்லை, புள்ளியை நடுவில் வைத்தால் போதும். ஆனால் கையின் ஒவ்வொரு நடுக்கமும் கண்ணில் படும். அது நின்ற பிறகு ட்ரிகரை அழுத்தலாம் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

பெண்களின் 25 மீட்டர் பிஸ்டலில் கீழே குறி வைப்பது, நடுவில் குறி வைப்பது என்ற இரு மரபும் ஒரே போட்டியில் சந்திக்கின்றன: 30 குண்டு துல்லிய இலக்கில், 30 ரேபிட் இலக்கில், அதே பிஸ்டலால். இடையில் பின் சைட்டை எத்தனை கிளிக் திருப்புவது என்பதை அவரவர் முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும்.