வாசிக்கக் கற்றுக்கொடுக்கக் கற்பது: எண்ணூரும் கோப்பாயும்

சென்னையின் எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் முன்னால் மீனவர் வீட்டுப் பிள்ளை இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை இருக்கும். ஆலை வேலைக்காக ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளையும் இருக்கும். இத்தனை பேருக்கும் அனா ஆவன்னாவையும் ஏ, பி, சி, டியையும் ஒரே ஆண்டில் அந்த ஒருவரே தொடங்கிவைக்க வேண்டும்.

இலங்கையில் அப்படியில்லை. அங்கே முதலிரண்டு தரங்களில், அதாவது வகுப்புகளில், ஆங்கிலம் வாய்மொழிதான்: பாட்டு, விளையாட்டு, சின்னச் சின்னப் பேச்சு. பாடநூலும் முறையான பாடமும் மூன்றாம் தரத்தில் வரும். அதற்கென்று தனி ஆங்கில ஆசிரியரும் வரவேண்டும் என்பது ஏற்பாடு.

ஆசிரியரை உருவாக்குவதிலும் வேறுபாடு உண்டு. அங்கே 1980களில் தொடங்கப்பட்ட தேசிய கல்வியியற் கல்லூரிகளில், உயர்தரம் (நம் பிளஸ் டூ போல) முடித்தவர்கள் இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையிலேயே இருந்து கற்பிக்கும் கட்டுறு பயிற்சி. கோப்பாயிலும் வவுனியாவிலும் இத்தகைய கல்லூரிகள் உண்டு. இங்கே பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. பள்ளிக்குச் சென்று கற்பிப்பது அதற்குள்ளேயே பகுதி பகுதியாக அடங்கிவிடும். மற்றதெல்லாம் பணிக்கு வந்தபின் கிடைக்கும் பயிற்சியை நம்பித்தான்.

அந்தப் பணியிடைப் பயிற்சியில் சென்னைக்கு நல்ல வரலாறே இருக்கிறது. 2003இல் மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் காலத்தில், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆசிரியர்கள் ஆந்திரத்து ரிஷிவேலிக்குப் போய், அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமே படிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து செய்தார்கள். 2007-08இல் அது மாநிலம் முழுவதற்கும் போனது. ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அட்டை போய்ச் சேர்ந்தது. ஆசிரியர் அத்தனை பேரும் ரிஷிவேலிக்குப் போக முடியுமா?

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' என்ற தொடக்க வகுப்பு எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்துக்கும் அதே சிக்கல்தான். மாநில அளவில் பயிற்சி பெற்ற கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்ல, மாவட்டம் வட்டார வள மையத்துக்குச் சொல்ல, அங்கே ஆசிரியர் சில நாள் உட்கார்ந்து கேட்கிறார். படிக்கட்டு இறங்க இறங்கச் சத்து குறைகிறது. பயிற்சி நூல், செயலி, மதிப்பீடு பற்றிய விளக்கத்திலேயே நேரம் கரைந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தின் ஒலியை எப்படிச் சொல்லித்தருவது என்று வகுப்பில் நின்று காட்ட ஆள் இல்லை.

அதற்காக இலங்கையைத் தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம். வன்னியிலும் மலையகத்திலும் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை பழைய கதை. தனி ஆசிரியர் என்ற ஏற்பாடு ஆள் இல்லாத இடத்தில் வெறுங்காகிதம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது தடுமாறி வாசிக்கும் பிள்ளை கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்படுகிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பிள்ளையின் நிலையிலிருந்தே தொடங்கும் நம் முறையை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நாம் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியது அந்த ஓராண்டுக் கட்டுறு பயிற்சியை. ராயபுரத்துப் பள்ளி ஒன்றில் நன்றாக வாசிக்கக் கற்பிக்கும் மூத்த ஆசிரியர் பக்கத்தில், புதிதாக வருபவரை ஒரு கல்வியாண்டு முழுக்க உட்காரவைக்க மாநகராட்சி முன்வரட்டும். இன்னொரு பயிற்சி நூல் அச்சிடும் செலவை முதலில் இதற்குத் திருப்பலாம்.