கேப்டன் கையிலிருந்து போன அணி

2025 ஜனவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. 'டிராகன் ஏஜ்: தி வேல்கார்ட்' வெளிவந்த காலாண்டில் அதை ஆடிப் பார்த்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர். நிறுவனம் எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி. அடுத்த மாதமே தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ வில்சன் முதலீட்டாளர்களிடம் விளக்கம் சொன்னார். நல்ல கதை மட்டும் இருந்தால் போதாது, பலர் கூடி ஆடும் அம்சங்களையும் இன்றைய ஆட்டக்காரர்கள் தேடுகிறார்கள் என்பது அதன் சாரம். தொடரை இழந்த அணியின் நிர்வாகம் டாஸைக் குறை சொல்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதாகப் படவில்லை.

முதல் பாகத்திலிருந்து இந்தத் தொடரைப் பின்தொடர்பவன் நான். என் ஸ்கோர்கார்டு வேறு விதமாக இருக்கிறது. 2009, 2011, 2014, 2024 என நான்கு பாகங்கள். முதல் மூன்றிலும் களத்தில் நான்கு பேர். நால்வரையும் ஆட்டக்காரரே நடத்தலாம். நான்காவதில் களத்தில் மூன்று பேர். அதில் நம் கைக்கு வருவது ஒருவர்தான். தோல்விக்கான காரணத்தை நான் இங்கேதான் தேடுவேன்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் கீழ் இந்தத் தொடரைச் செய்வது பயோவேர், எட்மன்டன் நகரில் 1995-ல் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய நிறுவனம். 'பால்டர்ஸ் கேட்' இரண்டு பாகங்களையும் (1998, 2000) செய்து பெயர் வாங்கியது. அந்தப் பரம்பரையின் வாரிசாகவே 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' 2009 நவம்பரில் வந்தது. தரைக்கடியிலிருந்து டார்க்ஸ்பான் என்ற அரக்கப்படை கிளம்பி ஃபெரல்டன் நாட்டை விழுங்கப் பார்க்கிறது. அதைத் தடுக்க வேண்டிய கிரே வார்டன் படையில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் நீங்கள். கதைச் சுருக்கம் இவ்வளவுதான், அதில் பெரிய புதுமை ஒன்றுமில்லை. புதுமை முழுக்க அணித்தலைமையில் இருந்தது.

எந்த நொடியிலும் சண்டையை நிறுத்திவைக்கலாம். கேடயக்காரனை வாசலில் நிறுத்தி, வில்லாளியைப் பின்னால் ஒதுக்கி, மந்திரவாதி எங்கே தீயைக் கொட்ட வேண்டும் என்று குறித்துவிட்டு மறுபடி ஓடவிடலாம். கடின நிலைகளில் அந்தத் தீ நம் ஆளையும் முழுசாகச் சுடும். அவசரத்தில் எறிந்த ஒரு நெருப்புப் பந்து எதிரியில் இரண்டு பேரையும் நம்மில் ஒருவரையும் சேர்த்துச் சாய்க்கும். அதைவிட அழகு, டாக்டிக்ஸ் என்ற பக்கம். ஒவ்வொரு சகாவுக்கும் வரிவரியாக உத்தரவு எழுதி வைக்கலாம்: உயிர் கால் பங்குக்குக் கீழே இறங்கினால் மருந்து குடி, மந்திரவாதியை எவனாவது தாக்கினால் அவனைத் திருப்பு. வரிசை மாறினால் பலன் மாறும். மருந்து வரியைக் கீழே போட்டவர்கள் கேடயக்காரன் சாகும்வரை வீரமாகச் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் அமைத்துவிட்டுப் பந்து விழும் இடத்துக்காகக் காத்திருக்கும் கேப்டனின் படபடப்பை எனக்குக் கொடுத்த கணினி விளையாட்டுகள் மிகச் சில.

களத்துக்கு வெளியே அதைவிடக் கடினம். அணியினர் கூலிக்கு வந்தவர்கள் இல்லை, கொள்கைக்காரர்கள். போருக்கு நேரே போகாமல் மலை உச்சியில் புனிதச் சாம்பலைத் தேடி அலைகிறாய் என்று ஸ்டென் என்பவன் தலைமையையே கேள்வி கேட்டு வாளை உருவுவான். அந்தச் சாம்பலை அசுத்தப்படுத்தினால், அதுவரை காயத்துக்கு மருந்து போட்டுவந்த வின் என்ற மூதாட்டி அங்கேயே எதிரியாகத் திரும்புவாள். அவளோடு சேர்ந்து, நாம் வாங்கித் தந்து பழக்கிய அனுபவமும் ஆயுதமும் போய்விடும்.

இதன் உச்சம் அலிஸ்டர். மிஞ்சிய இரண்டாவது வார்டன் அவன். ஆஸ்டகர் போர்க்களத்தில் கோபுரத்தில் தீ மூட்டிச் சைகை காட்டிய பிறகும், தளபதி லோகெய்ன் படையோடு பின்வாங்கிவிடுகிறான். அரசன் சாகிறான், அலிஸ்டர் தந்தையாக நினைத்த டங்கனும் சாகிறான். பல மணி நேர ஆட்டத்துக்குப் பின் அந்த லோகெய்ன் நம் காலடியில் தோற்று நிற்கும்போது ஒரு யோசனை வரும்: இவனைக் கொல்வதற்குப் பதில் வார்டனாக்கிப் படையில் சேர்த்துக்கொள்ளலாமே? போர்க்கணக்கில் மிகச் சரியான யோசனை. நல்ல தளபதி, வாளும் தெரிந்தவன். சரி என்றால் அலிஸ்டர் அணியைவிட்டுப் போய்விடுவான். சமாதானம் பேச வழியில்லை. அவனுடைய நட்பு அளவுகோல் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் உதவாது. திறமையா, விசுவாசமா என்று தேர்வுக்குழு முன்னால் வரும் பழைய கேள்விதான். எந்தப் பக்கம் போனாலும் கையில் ரத்தம் ஒட்டும்.

இரண்டாம் பாகம் பதினாறே மாதத்தில் வந்தது. அந்த அவசரம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே குகை, ஒரே கிடங்கு, வாசலை மட்டும் மாற்றி அடைத்து மறுபடி மறுபடி காட்டினார்கள். ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. உலகைக் காப்பாற்றும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு கிர்க்வால் என்ற ஒரே ஊரில், ஹாக் என்ற ஒரே ஆளின் பல வருட வாழ்க்கையைச் சொன்ன துணிச்சல் அதற்கு இருந்தது. சகாக்கள் நம்மோடு நட்பாகவும் வளரலாம், போட்டியாகவும் வளரலாம். முறைத்துக்கொண்டே கூட நிற்பவனுக்கும் அணியில் இடம் உண்டு. கடைசியில் அதே அணியிலிருந்து ஆண்டர்ஸ் கோயிலை வெடிவைத்துத் தகர்ப்பான். அவனை என்ன செய்வது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கிர்க்வால் மதுக்கடையின் ஓரத்தில், முதல் பாகத்தில் லோகெய்னுக்காக நாம் இழந்த அலிஸ்டர் குடித்துச் சீரழிந்து உட்கார்ந்திருப்பான். அரசனாக்கியிருந்தால் அரசனாக வருவான். பழைய சேவ் ஃபைலைப் படித்துக்கொண்டு வந்த ஆட்டம் அது.

மூன்றாவதான 'இன்க்விசிஷன்' 2014-ல் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது. எனக்கு அது பாதி வெற்றிதான். ஹின்டர்லாண்ட்ஸ் என்ற முதல் பெரிய மைதானத்திலேயே மூலிகை பறித்து, செம்மறியாட்டு இறைச்சி சேர்த்துக் கொடுத்துப் பல மணி நேரம் தொலைத்தவர்கள் ஏராளம். டாக்டிக்ஸ் பக்கத்தின் நிபந்தனை வரிகளை எடுத்துவிட்டு, இந்த வித்தையை அதிகம் பயன்படுத்து, அதைத் தொடாதே என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். அதிகாரம் கைமாறத் தொடங்கிய இடம் அதுதான். நால்வரும் இன்னும் நம் கையில் இருந்ததால் அப்போது பலருக்கு உறைக்கவில்லை.

ஆனால் நினைவு மங்கவில்லை. பழைய பாகங்களின் முடிவுகளைப் பதிந்து கொண்டுவர கீப் என்ற தனித் தளமே வைத்தார்கள். அதன் பலன் கதையின் நடுவில் கிடைத்தது. கனவுலகத்தில் அணி சிக்கிக்கொள்கிறது. தப்பிக்க ஒருவர் பின்னால் நின்று சாக வேண்டும். ஒரு பக்கம் ஹாக்: போன பாகம் முழுக்க நாமாக இருந்தவர். இன்னொரு பக்கம் ஒரு வார்டன். 2009-ல் நாம் எடுத்த முடிவைப் பொறுத்து அது அலிஸ்டராகவும் இருக்கலாம், லோகெய்னாகவும் இருக்கலாம். ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த முடிவுக்கு இங்கே வட்டி கட்டுகிறோம். இதை எந்த நாவலும் எந்தத் திரைப்படமும் செய்ய முடியாது; கணினி விளையாட்டால் மட்டும் முடியும், அதையும் பயோவேர்தான் செய்துகாட்டியது.

அதற்குப் பிறகு பத்து வருட இடைவெளி. நான்காம் பாகத்துக்கு முதலில் போட்ட திட்டம் 2017-ல் கைவிடப்பட்டது. பிறகு இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டாக மாற்றினார்கள். அதே வகையில் பயோவேர் செய்த 'ஆன்தம்' 2019-ல் மண்ணைக் கவ்விய பிறகு, 2021-ல் மறுபடி தனியாள் விளையாட்டாகத் திருப்பினார்கள். இதற்கிடையில் தொடரைக் கட்டியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்: தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டர், படைப்பு இயக்குநர் மைக் லெய்ட்லா, தயாரிப்பாளர் மார்க் டார்ரா. 2023-ல் சுமார் ஐம்பது பேருக்கு வேலை போனது. இரண்டு முறை பயிற்சி முறையை மாற்றிய அணி களத்தில் இறங்கியதே அதிசயம்.

வேல்கார்டைக் கழித்துக்கட்ட நான் வரவில்லை. பிழைகள் குறைவாக, முழுமையாக வெளிவந்தது. கை வேகம் தேவைப்படும் சண்டை சுறுசுறுப்பாக இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்று நாம் பிரித்துக்கொடுக்க வேண்டும். டாவ்ரின், ஹார்டிங் இருவரில் யாரைத் துணை அணிக்குத் தலைவராக்குகிறோமோ அவர் திரும்பி வருவதில்லை. அந்தக் கொஞ்ச நேரம் பழைய பயோவேர் கண்முன் நிற்கிறது.

அதுவரைக்கும்? கூட வரும் இருவருக்கு உயிர் அளவே கிடையாது; எதிரி என்ன அடித்தாலும் விழமாட்டார்கள். விழாதவனைக் காப்பாற்ற யாரும் திட்டம் போடப் போவதில்லை. அவர்களுடைய வித்தைகள் நம் ஆயுதத்தில் கூடுதலாகப் பொருத்திய விசைகளாகிவிட்டன. பேச்சிலும் இதே கதைதான். ட்ரெவிசோ, மின்ராத்தஸ் இரண்டில் ஒரு நகரைத்தான் காக்க முடியும் என்ற இடம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கைவிடப்பட்ட ஊர்க்காரர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு வேலைக்குத் திரும்பிவிடுகிறார். வாளை உருவ ஒரு ஸ்டென் இல்லை. பலருக்கு முன்னால் அவமானப்படுத்திவிட்டுப் போக ஓர் அலிஸ்டரும் இல்லை. சகாக்கள் அடிக்கடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான், அரக்கப்படை வாசலில் நிற்கும்போது அணிக்குள் இவ்வளவு ஒற்றுமை இருந்தால் நாடகம் எங்கே வரும்?

நினைவுக்கு வருவோம். மூன்று பாகங்களின் முடிவுகளில் நான்காம் பாகம் கேட்பது மூன்றே கேள்விகள். மூன்றும் இன்க்விசிஷனைப் பற்றியவை: நாயகர் யாரைக் காதலித்தார், படையைக் கலைத்தாரா, சகாவாக இருந்த சோலாஸைத் திருத்த நினைத்தாரா தடுக்க நினைத்தாரா. அலிஸ்டர் அரசனா, குடிகாரனா, கனவுலகத்தில் செத்தவனா என்று கேட்கவே இல்லை. முதல் பாகத்தில் சகாவாக இருந்த மோரிகன் வருகிறாள், நிறையப் பேசுகிறாள். முதல் பாகத்தின் கடைசி இரவில் நாம் எடுத்த முடிவால் அவளுக்கு ஒரு மகன் பிறந்திருக்கலாம். மூன்றாம் பாகத்தில் அந்தப் பையனைப் பார்த்தவர்கள் உண்டு. இங்கே அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியாக, நாம் இரவு பகலாகக் காப்பாற்றிய ஃபெரல்டன் உள்ளிட்ட தெற்கு நாடுகள் அழிந்துகொண்டிருக்கும் செய்தி கடிதங்களில் வருகிறது. கடிதங்களில்! போகிற போக்கில் நாலு வரி. பழைய ரசிகனின் சொத்தை எரிக்க வேண்டுமானால் எரிக்கலாம், கதைக்கு அந்த உரிமை உண்டு. எரிவதை அவன் பார்க்கும் இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம்.

வெளியான வாரத்தில் எழுந்த பெரும் கூச்சல் வேறொன்றைப் பற்றியது. சகாக்களில் ஒருவரின் பாலின அடையாளத்தை வைத்துத் தொடரே கெட்டுப்போய்விட்டதாக ஒரு கூட்டம் கத்தியது. 2009-லேயே ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் காதலர்களாகும் வழியை வைத்திருந்த தொடர் இது. அந்தக் கூச்சலில் நியாயமான விமர்சனமும் அமுங்கிப்போனதுதான் நடந்த நஷ்டம்.

பலர் கூடி ஆடும் அம்சம் இல்லாததால்தான் விற்கவில்லை என்ற வாதத்துக்கு வருவோம். இன்க்விசிஷன் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் விற்றதாக டார்ராவே சொல்லியிருக்கிறார். அதிலும் கூட்டாக ஆடும் பகுதி ஒன்று ஒட்டுப்போட்டிருந்தது என்பது உண்மை. அதற்காக வாங்கியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அடுத்த சாட்சி இன்னும் கசப்பானது. பயோவேர் பெற்றெடுத்த பால்டர்ஸ் கேட்டின் மூன்றாம் பாகத்தை 2023-ல் செய்தது பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம். நான்கு பேர் அணி, நால்வரும் நம் கையில், முறைவைத்து ஆடும் நிதானமான சண்டை, அணியைவிட்டுப் போகிற சகாக்கள், நம் மேலேயே பாயும் சகாக்கள். சந்தைக்கு ஒத்துவராது என்று பயோவேர் ஒவ்வொன்றாகக் கழற்றிப்போட்ட உதிரிபாகங்களையெல்லாம் வைத்து அந்த வருட விருதுகளை லாரியன் அள்ளியது.

வேல்கார்டுக்குப் பிறகு பயோவேர் மிகச் சிறிய நிறுவனமாகிவிட்டது. மிஞ்சியவர்கள் தங்கள் இன்னொரு தொடரான 'மாஸ் எஃபெக்ட்'டின் அடுத்த பாகத்து வேலையில் இருக்கிறார்கள். 2010-ல் வந்த மாஸ் எஃபெக்டின் இரண்டாம் பாகத்தில், கடைசிப் போரில் தவறான ஆளைத் தவறான வேலைக்கு அனுப்பினால் அவர் செத்துப்போவார்; 2012-ல் வந்த மூன்றாம் பாகத்தில் அவர் இருக்கவேண்டிய இடத்தில் வேறு யாராவது நிற்பார்கள், அல்லது யாருமே நிற்கமாட்டார்கள். புதிய பாகத்தின் முன்னோட்டங்களில் விண்கலமும் கவச உடையும் எவ்வளவு பளபளத்தாலும் எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: முதல் திரையில் பழைய சேவ் ஃபைலைக் கேட்கப்போகிறார்களா, இல்லை மறுபடி மூன்று கேள்விகளோடு முடித்துக்கொள்ளப்போகிறார்களா? அதற்குப் பதில் வரும்வரை முன்பதிவு செய்வதாக இல்லை.