15 சதவீதத்தை எப்படிப் படிப்பது?

நுரையீரல் அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களுக்குள் சிலருக்கு இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பிக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்வாங்க. ரத்த அழுத்தம் விழலாம், பக்கவாதம் வரலாம், மருத்துவமனையில் இருக்கும் நாட்களும் கூடும். அறுவையால் உண்டாகும் அழற்சிக்கு இதில் பங்கு உண்டு என்பதால், கவுட் மூட்டுவலிக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின் இதைத் தடுக்குமா என்று சோதித்தார்கள். அதுதான் 2023இல் லான்செட்டில் வெளியான காப்-ஏஎஃப் ஆய்வு.

11 நாடுகளில், 55 வயதும் அதற்கு மேலும் ஆன 3,209 பேர். இதயம் தவிர்த்த பெரிய மார்பு அறுவைகள். பாதிப் பேருக்கு 0.5 மி.கி. கோல்ச்சிசின், தினம் இரண்டு வேளை, 10 நாள்; மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. சிகிச்சை தேவைப்படும் அளவுக்குத் தாளம் தப்பியது மருந்து எடுத்தவர்களில் 6.4 சதவீதம், மற்றவர்களில் 7.5 சதவீதம்.

இதை "15 சதவீதம் குறைத்தது" என்று எழுதிவிடலாம். கணக்கும் தப்பில்லை, அபாய விகிதம் 0.85 தான். ஆனால் அதன் நம்பக இடைவெளி 0.65 முதல் 1.10 வரை. அதாவது உண்மையான பலன் 35 சதவீதக் குறைவாகவும் இருக்கலாம், 10 சதவீத அதிகரிப்பாகவும் இருக்கலாம். "மருந்து வேலை செய்யாது" என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. வேலை செய்யும் என்றும் காட்டவில்லை.

என் விமர்சனம் வேறு இடத்தில். மருந்து எடுத்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு, தொற்று காரணமில்லாத வயிற்றுப்போக்கு. மற்றவர்களில் 2.4 தான். பெரும்பாலும் ஆபத்தில்லாதது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சரி, 1,000 பேருக்குக் கணக்குப் போடுவோம்: பலன் உண்மையென்றே வைத்தாலும் தப்பிப்பவர் 11 பேர், கூடுதலாக வயிறு கெடுபவர் 59 பேர். வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மெக்னீசியமும் போகும். அவை குறைந்தாலே இதயத் தாளம் கெட வழி உண்டு. ஆய்வில் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் நெஞ்சில் தையலோடு படுத்திருக்கும் 70 வயதுக்காரருக்கு இது சின்ன விஷயமா என்று கேட்கத்தான் வேண்டும்.

அமெரிக்க மார்பு அறுவை சிகிச்சைச் சங்கத்தின் 2014 வழிகாட்டி இதைவிட எளிமையான ஒன்றை முதலில் வைக்கிறது: ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு அதை நிறுத்தாதீர்கள். புது மாத்திரையைத் தேடும் முன், "வெறும் வயிறு" என்ற பேரில் பழைய மாத்திரை விட்டுப்போகாமல் பார்ப்பது நல்லது.