ஆங்கிலத்தில் எழுவாய் பயனிலை இயைபு

எழுவாயும் பயனிலையும் எண்ணாலும் இடத்தாலும் இயைதல் வேண்டும் என்பது ஆங்கில இலக்கண நூல்கள் வகுக்கும் விதி. இது பிழையன்று, ஆயின் நிறைவுடையதும் அன்று என்பதே நம் கருத்து. பயனிலை எழுவாயின் சொல்வடிவைப் பின்பற்றுகிறதா, பொருளைப் பின்பற்றுகிறதா என்னும் வினாவிற்கு இவ்விதி விடை கூறவில்லை.

பழைய ஆங்கிலத்தில் நிகழ்கால வினை ஒருமையில் மூவிடத்திற்கும் வெவ்வேறு ஈறு பெற்றது. பன்மைக்குத் தனி ஈறு இருந்தது. அவை நாளடைவில் தேய்ந்தன. இன்று பொதுவினைகளில் எஞ்சியிருப்பது நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்குரிய ஈறு ஒன்றே. ‘கேன்’, ‘மஸ்ட்’ முதலிய துணைவினைகள் அதனையும் ஏலா. ஐம்பாலையும் ஈற்றால் உணர்த்தும் தமிழ் வினைமுற்றில் பழகியோர்க்கு இது வறுமையாகத் தோன்றும். எனினும் இச்சிறு எச்சம் ஆற்றும் பணி சிறிதன்று.

‘தி கமிட்டி ஹாஸ்’ எனின் குழு ஒரு முழுமையாகிறது. ‘தி கமிட்டி ஹாவ்’ எனின் அதன் உறுப்பினர் பலரும் நினைக்கப்படுகின்றனர். பிரித்தானிய வழக்கில் இரண்டும் உண்டு. அமெரிக்க வழக்கு பெரும்பாலும் முன்னதையே கொள்ளும். ‘ஷீப்’ என்னும் பெயர் எண் காட்டுவதில்லை. ‘இஸ்’, ‘ஆர்’ என்னும் வினைகளே காட்டுகின்றன. ‘ஆடு வந்தது’, ‘ஆடு வந்தன’ என வரும் நம் பால்பகா அஃறிணைப் பெயரும் இத்தகையதே. இவ்விடங்களில் பயனிலை எழுவாய்க்கு அடங்கி நிற்கவில்லை. தானே பொருளை அறிவிக்கிறது.

இதனை மறந்து வடிவையே போற்றியதற்கு 1762இல் வெளிவந்த ராபர்ட் லௌத்தின் இலக்கணம் சான்றாகும். பன்மைக்குரிய ‘யூ’ ஒருவரையும் சுட்டலாயிற்று. ஒருமைக்குரிய ‘தௌ’ பொதுவழக்கினின்று மறைந்தது. 18ஆம் நூற்றாண்டில் பலர் ஒருவரை நோக்கி ‘யூ வாஸ்’ என்றும், பலரை நோக்கி ‘யூ வேர்’ என்றும் வேறுபடுத்தினர். ‘யூ’ பன்மைச் சொல் என்பது பற்றி லௌத் முன்னதைப் பெரும்பிழை எனக் கடிந்தார். நோவா வெப்ஸ்டர் 1789இல் அதற்கு ஆதரவாக எழுதினார்; ஆயினும் லௌத்தின் முடிபே நிலைத்தது. நிகழ்காலத்தில் ‘யூ ஆர்’ இருசாரார்க்கும் பொதுவாயிருக்க, இறந்தகாலத்தில் மட்டும் பிரிப்பது ஒழுங்கன்று என லௌத்தின் சார்பில் கூறலாம். அவ்வொழுங்கிற்காக, எண்மயக்கம் நீக்கிய ஒரு வேறுபாட்டை எழுத்துவழக்கு இழந்தது என்பதையும் கூறுதல் வேண்டும்.

1985இல் குவர்க்கும் பிறர் மூவரும் வெளியிட்ட பேரிலக்கணம் வடிவு, பொருள், அண்மை என மூவகை இயைபு காட்டியது. இது பழைய நூல்களினும் தெளிவுடையது. எனினும் இம்மூன்றும் ஒத்த தகுதியுடையன அல்ல. ‘தி ப்ரைஸ் ஆஃப் தி புக்ஸ் ஆர்’ என்று எழுதுபவன் பல விலைகளைக் கருதவில்லை. அருகில் நின்ற பன்மைப் பெயர் அவனை ஈர்த்துவிட்டது. ‘தி கமிட்டி ஹாவ்’ என்று எழுதுபவனோ ஒரு பொருளைக் கருதியே எழுதுகிறான். முன்னது வழு, பின்னது நம் இலக்கணத்தார் வழுவமைதி எனக் கொள்வதனோடு ஒப்பது. இவ்விரண்டையும் ஒரே சிவப்புக் கோட்டால் அடிக்கும் ஆசிரியர் மாணவனுக்கு விதியைக் கற்பிக்கலாம். மொழியைக் கற்பித்தவர் ஆகார்.